ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பிடித்தால் போதுமா?

போன இதழில் கைக்குழந்தையின் எண்ணெய்க் குளியலைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், சாம்பிராணிப் புகை காட்டலாமா, கூடாதா என்று நீங்கள் ஒரு பட்டிமன்றமே நடத்திவிட்டீர்கள்! அதற்குப் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கட்டிலிருந்து கடைசியாக எடுத்த கடிதத்தைப் படித்ததும் சாம்பிராணி பின்னால் போய்விட்டது. ஈரோடு பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் எழுதியிருக்கிறார். சிலவற்றை விட்டுவிட்டு அப்படியே தருகிறேன்.

"அம்மா, எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். பையனுக்கு ஒன்பது மாசம். இதற்குள் மூன்று தடவை வீசிங் வந்து ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்துக்கொண்டு வந்தோம். இவர் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு சிகரெட் பிடிப்பார். ஆனால் குழந்தை பக்கத்தில் பிடிக்க மாட்டார். ஹாலில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, ஃபேனைப் போட்டுக்கொண்டு, புகையை வெளியேதான் விடுவார். மற்றபடி தங்கமான மனுஷர். அத்தையிடம் சொன்னால், 'உன் மாமனார் பிடிக்காத சிகரெட்டா? நான் நாலு பிள்ளைங்களை வளர்த்து ஆளாக்கலையா?' என்கிறார். நான் வாயைத் திறந்தாலே இவருக்குக் கோபம் வருகிறது. சண்டை இல்லாமல் எப்படிச் சொல்வது?"

சகோதரி, சண்டை இருக்கட்டும். முதலில் அந்த ஜன்னலைப் பற்றிப் பேசிவிடுவோம்.

சிகரெட்டிலிருந்து இரண்டு விதமாகப் புகை வருகிறது. ஒன்று, அவர் இழுத்து வெளியே விடுவது. இன்னொன்று, அவர் இழுக்காமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறாரே, அப்போது நுனியிலிருந்து சும்மா எழும்பிக்கொண்டே இருக்கும் புகை. அறையில் சேருவதில் பெரும்பகுதி இந்த இரண்டாவதுதான். அது ஜன்னலைத் தேடிக்கொண்டு போகாது. ஃபேன் அதை வெளியே தள்ளாது, வீடு முழுக்கச் சுற்றிவிடும், அவ்வளவுதான். அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 2006-ல் வெளியிட்ட அறிக்கையில், ஜன்னலைத் திறப்பதாலோ, வேறு அறையில் பிடிப்பதாலோ, காற்றோட்டம் வைப்பதாலோ மற்றவர்களை முழுதாகக் காப்பாற்ற முடியாது என்றும், இந்தப் புகையில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தப் புகையில் 7,000-க்கு மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. கார்பன் மோனாக்ஸைடு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து போகிற சிவப்புப் பொருளோடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் கெட்டியாக அது ஒட்டிக்கொள்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான்! உண்மையான பிரயாணி நிற்க வேண்டியதாகிவிடுகிறது. கர்ப்பிணியின் ரத்தத்தில் இது நடந்தால் வயிற்றிலிருக்கும் சிசுவுக்கும் குறைகிறது. புகையைப் பக்கத்திலிருந்து சுவாசிக்கிற கர்ப்பிணிகளுக்கே குழந்தை எடை குறைவாகப் பிறக்க வாய்ப்பு உண்டு.

குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறது. நாம் நிமிஷத்துக்கு 15, 16 தடவை என்றால், ஒன்பது மாசக் குழந்தை 30 தடவைக்குப் பக்கமாகவோ மேலேயோ விடும். மூச்சுக்குழாயோ நூல் மாதிரி. அதனால்தான் புகை இருக்கிற வீட்டுக் குழந்தைகளுக்கு மார்ச்சளி, நிமோனியா, இழுப்பு, காதில் சீழ் எல்லாம் அதிகம் வருகின்றன. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் பச்சிளங்குழந்தை இறந்துபோகிறதே, அந்த ஆபத்தும் கூடுகிறது. பெற்றோரில் ஒருவர் புகைபிடிப்பவராக இருந்தால் கைக்குழந்தையை அவருடைய படுக்கையிலேயே சேர்த்துப் படுக்கவைக்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். தொட்டிலிலோ, தனிச் சிறு படுக்கையிலோ மல்லாக்கப் போடுங்கள்.

'குழந்தை சரி, எனக்கென்ன?' என்று நம்மில் பலர் நினைப்போம். நமக்கு அது பழக்கம்தானே, எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற ஜாதி! உங்களுக்காகவே ஒரு விஷயம் சொல்கிறேன். ஜப்பானில் தகேஷி ஹிராயாமா என்று ஒரு ஆராய்ச்சியாளர். அந்தக் காலத்து ஜப்பானில் ஆண்கள் ஏராளமாகச் சிகரெட் பிடிப்பார்கள், மனைவிமார் பெரும்பாலும் தொடமாட்டார்கள். நம் வீடுகள் மாதிரியேதான். அவர் என்ன செய்தார், சிகரெட்டே பிடிக்காத 91,540 மனைவிமாரை 1966-லிருந்து 14 வருஷம் கவனித்து வந்தார். 1981-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் முடிவு வெளிவந்தது. கணவர் நிறையச் சிகரெட் பிடிக்கிற வீடுகளில், பிடிக்காதவர் வீடுகளோடு ஒப்பிட்டால், நுரையீரல் புற்றுநோயால் மனைவி இறப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு! அதுவரை 'அவர் உடம்பு, அவர் பாடு' என்று சொல்லிக்கொண்டிருந்த சிகரெட் கம்பெனிகள் இந்தக் கணக்கில் குற்றம் கண்டுபிடிக்க ஆள் வைத்துப் பார்த்தன. பிறகு வேறு வேறு தேசங்களில் செய்த ஆராய்ச்சிகளும் அதே பக்கம்தான் கை காட்டின.

நம் தேசத்தில் 2016-17-ல் அரசாங்கம் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 100-க்கு 10 அல்லது 11 பேர்தான் புகைபிடிப்பவர்கள். ஆனால் வீட்டுக்குள் பிறர் விடும் புகையைச் சுவாசிப்பவர்கள் 100-க்கு 38-க்கும் மேல்! ஒருவர் பிடித்தால் எத்தனை பேருக்குப் பங்கு போகிறது பாருங்கள். பொது இடங்களில் பிடிக்கக் கூடாது என்று 2008 அக்டோபர் 2-ந் தேதியிலிருந்து விதி இருக்கிறது. ஆபீஸில் பிடிக்க முடியாதவர் வீட்டுக்கு வந்து ஹாயாகப் பற்றவைக்கிறார்.

ஈரோட்டுச் சகோதரி, உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், ஒரு பொய் சொன்ன தகுதி உண்டு.

1984-ல் நாங்கள் திருச்சியில் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். ஒரே அறை, ஒரு சமையல்கட்டு. இவர் பத்து சிகரெட்டுக்குக் குறையாமல் பிடிப்பார். சின்னவனுக்கு ஒன்றரை வயசு, மழைக்காலம் வந்தால் இழுப்பு. ஒரு நாள் ராத்திரி விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வருகிறது, தூக்கிக்கொண்டு ஓடினோம். வயசான டாக்டர். ஊசி போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா அம்மா?" என்று கேட்டார். இவர் பக்கத்திலேயே நிற்கிறார். நான் சட்டென்று, "இல்லை டாக்டர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. இவர் மானத்தைக் காப்பாற்றினேனாம்! டாக்டர் இவருடைய சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த தீப்பெட்டியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மருந்துச் சீட்டை எழுதினார்.

வரும் வழியில் இவர், "எதுக்குப் பொய் சொன்னே?" என்று கேட்டார். "நீங்க பக்கத்துல இருந்தீங்களே" என்றேன். அதற்குப் பிறகு வீடு வந்து சேரும் வரை இரண்டு பேரும் பேசவில்லை.

உடனே இவர் சிகரெட்டைத் தூக்கி எறிந்துவிட்டார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. மறுநாளிலிருந்து மொட்டை மாடிக்குப் போனார். விட்டது 1987-ல். நடுவில் இரண்டு தடவை விட முயன்றார். சமயபுரத்தில் வேண்டிக்கொண்டு விட்டது பதினோரு நாள் நின்றது. அடுத்த தடவை நான் போலீஸ்காரி ஆனேன். சாயங்காலம் வந்ததும் வாயை முகர்ந்து பார்ப்பேன், பையைச் சோதிப்பேன். அவர் கிராம்பை மென்றுகொண்டு வந்து, "பிடிக்கவே இல்லை" என்பார். ஆக, வீட்டில் இரண்டு பொய்யர்கள்! கடைசியில் டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்தார், சிகரெட் நாற்றமே குமட்டியது, எழுந்த பிறகு தொடவில்லை. இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மொட்டை மாடி மட்டும் என் பிள்ளைக்கு நல்லது செய்தது என்று நம்புகிறேன். அடுத்த மழைக்காலத்தில் இழுப்பு வந்தது, முன்போல் அடிக்கடி வரவில்லை. (பையனும் வளர்ந்துவிட்டான், அதையும் சொல்ல வேண்டும்.)

அதனால் நான் சொல்வது, இரண்டு காரியங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். சிகரெட்டை விடுவது அவர் மனசு வைத்து, நாள் பிடித்துச் செய்ய வேண்டியது. புகை வீட்டுக்குள் வராமல் பார்ப்பது இன்றைக்கே செய்யக் கூடியது. முதலில் இரண்டாவதைக் கேளுங்கள். "விடுங்க, விடுங்க" என்று சொல்லாதீர்கள். குழந்தை தூங்கி, அவர் சாப்பிட்டு முடித்து, நல்ல மனசோடு இருக்கிற நேரமாகப் பார்த்து, "பையனுக்குச் சரியாகிற வரைக்கும் வீட்டுக்குள்ள மட்டும் வேண்டாங்க" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். வீட்டில் யார் பிடிக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டால், என்னை மாதிரி செய்யாதீர்கள். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நாம் நூறு தடவை சொல்வது ஏறாது, டாக்டர் ஒரு தடவை சொன்னால் ஏறும். ஆண்பிள்ளைகள் வழக்கம் அது!

வெளியே என்றால் வாசல்படி இல்லை, கதவு சாத்தின பிறகு இருக்கிற வெளி. பால்கனியில் பிடித்தால் கதவு வழியாகத் திரும்பி வரும். பிடித்துவிட்டு வந்தால் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, மேல்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். புகையின் கசண்டு துணியிலும், தலைமுடியிலும், திரைச்சீலையிலும், சோபா மெத்தையிலும் படிந்திருக்கும். தவழ்கிற குழந்தை அதைத் தொட்டு வாயில் வைத்துக்கொள்ளும். ஆகவே திரைச்சீலைகளை ஒரு தரம் துவைத்துப் போடுங்கள். ஹாலில் இருக்கிற சாம்பல் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் விருந்தாளிகளுக்கும் பிடிக்கத் தோன்றும். காருக்குள் கண்டிப்பாகக் கூடாது, அது நாலு கண்ணாடி போட்ட டப்பா.

இனி, விடுகிற விஷயம். சிகரெட் புகையை இழுத்த பத்து, இருபது விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பதினைந்து வருஷம் இப்படிப் போனால் மூளை அதைக் கேட்டு வாங்கப் பழகிவிடும். மனைவி மேல் அன்பில்லாததால் அவர் பிடிக்கவில்லை. இது எனக்கு அப்போது தெரிந்திருந்தால் பாதி சண்டை குறைந்திருக்கும்.

'குறைத்துக்கொள்கிறேன், ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று' என்று சில பேர் வருவார்கள். குறைப்பது விடுவதற்கு முதல் படியாக இருந்தால் சரி. அங்கேயே நின்றுவிட்டால் பலன் நினைக்கிற அளவுக்கு இல்லை. இருபதுக்குப் பதில் ஒன்று பிடித்தால் ஆபத்தும் இருபதில் ஒரு பங்குதானே என்று கணக்குப் போடுவோம். மாரடைப்பு விஷயத்தில் அந்த ஒரு சிகரெட்டே, இருபது சிகரெட் கூட்டுகிற ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதியைக் கொண்டுவந்துவிடுகிறது என்று 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 'லைட்' என்று விற்றதும் ஏமாற்றுதான், அதை ஆழமாக இழுத்துச் சரிக்கட்டிக்கொள்வார்கள். மின் சிகரெட்டை நம் நாட்டில் 2019-லேயே தடை செய்தாயிற்று.

நாள் குறிப்பது நல்லது. தை பிறக்கட்டும், சித்திரை பிறக்கட்டும் என்று தள்ளாமல் இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள். அதுவரை ஒவ்வொரு சிகரெட்டையும் எப்போது, எதற்காகப் பிடித்தார் என்று ஒரு சின்ன நோட்டில் அவரே குறித்துக்கொள்ளட்டும். காலைக் காபி, சாப்பாட்டுக்குப் பிறகு, டீக்கடை நண்பர், மேனேஜரிடம் திட்டு என்று நாலைந்து இடம்தான் திரும்பத் திரும்ப வரும். அந்த இடங்களில் நாம் கை கொடுக்கலாம். உதாரணமாக, காபி. சிகரெட் பிடிப்பவர் உடம்பு காபியின் சத்தைச் சீக்கிரம் கழித்துவிடும். விட்டதும் அது நின்றுபோய், அதே காபி இரண்டு மடங்கு வேலை செய்யும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாவற்றையும் 'சிகரெட் இல்லாததால்' என்று நினைத்துக்கொண்டு மறுபடி பற்றவைப்பார். அதனால் சத்தமில்லாமல் டிகாஷனைப் பாதியாக்குங்கள்! இன்னொன்று, ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர் சிகரெட்டை விடுவதற்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த மருந்தின் அளவும் ரத்தத்தில் கூடும்.

நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறது. எத்தனை மில்லிகிராம் என்று டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். பலர் அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று, விக்கல் எடுத்து, 'இது சரிப்படாது' என்று துப்பிவிடுகிறார்கள். மெதுவாக நாலைந்து தடவை மெல்ல வேண்டும், சுள்ளென்று காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். காரம் அடங்கினதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் ஓடும். காபி குடித்த கையோடு போட்டால் மருந்து உள்ளே இறங்காது, கால் மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வாய்க்கு ஏலக்காய், கிராம்பு, நெல்லி வற்றல் கொடுத்து அனுப்பலாம். பாக்கு வேண்டாம். பாக்கே தனியாகப் புற்றுநோய் உண்டாக்குவது.

1800-11-2356 என்ற அரசாங்க எண்ணில் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள், தமிழிலும் பேசலாம். 2018-லிருந்து சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. துவைக்கப் போடுவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்து வைக்கிறீர்களே, அதைத் திருப்பிப் பாருங்கள்.

முதல் மூன்று நாள் ரொம்பக் கஷ்டம். எரிந்து விழுவார், சாம்பாரில் உப்பில்லை என்பார். மூன்று, நான்கு வாரத்தில் தணியும். ஒவ்வொரு தடவையும் வருகிற அந்தத் தவிப்பு ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்காது, அதற்குள் குழந்தையைக் கையில் கொடுத்துவிடுங்கள். இருமல் அதிகமானால் பயப்பட வேண்டாம், நுரையீரல் தன்னைத் துடைத்துக்கொள்கிறது. வாரக்கணக்கில் குறையாவிட்டாலோ, சளியில் ரத்தம் கண்டாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். முதல் வருஷத்தில் நாலைந்து கிலோ எடை போடலாம். அதைப் பார்த்துக் கேலி செய்யாதீர்கள்! நடுவில் ஒன்று பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று நீங்களும் அழ வேண்டாம், அவரையும் அழவைக்க வேண்டாம். பலருக்கு நாலைந்து தடவை முயன்ற பிறகுதான் நிற்கிறது. வாய் முகர்ந்து பார்க்கிற வேலை மட்டும் கூடவே கூடாது.

'இத்தனை வருஷம் பிடித்தாயிற்று, இனிமேல் விட்டு என்ன?' என்றால் இதைச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்ற அறிஞரும் மற்றவர்களும் 34,000-க்கு மேற்பட்ட ஆண் டாக்டர்களை 50 வருஷம் தொடர்ந்து கவனித்து 2004-ல் வெளியிட்ட கணக்கு. பிடித்துக்கொண்டே இருந்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷம் முன்னதாகப் போய்விட்டார்கள். 60 வயசில் விட்டவர்களுக்கு அதில் மூன்று வருஷம் திரும்பக் கிடைத்தது, 50-ல் விட்டால் ஆறு, 40-ல் விட்டால் ஒன்பது. 30 வயசில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய முழுசும். உங்கள் வீட்டுக்காரருக்கு முப்பதுக்கு ஒன்றிரண்டு முன்பின்தானே இருக்கும்?

பீடி பிடிக்கிற கணவரைப் பற்றி வேலூரிலிருந்து ஒருவர், "அது வெறும் இலைதானே, கெடுதல் கம்மியாமே?" என்று கேட்டிருக்கிறார். கம்மி இல்லை. பீடி அடிக்கடி அணையும், அணையாமலிருக்க அடிக்கடி, பலமாக இழுக்க வேண்டியிருக்கும். நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் தாராளமாகவே உள்ளே போகின்றன. வெற்றிலையோடு புகையிலை போடுகிற நம் அம்மாக்கள், மாமியார்களும் இதைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பெண்களில் புகைபிடிப்பவர்கள் 100-க்கு இரண்டே பேர், ஆனால் மெல்லுகிறவர்கள் 12, 13 பேர் என்கிறது நான் சொன்ன கணக்கெடுப்பு. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அத்தை நாலு பிள்ளை வளர்த்த விஷயம். அவரோடு வாதாட வேண்டாம். அவர் வளர்த்தது உண்மைதான். அந்த நாலு பேரில் யாருக்காவது சின்ன வயசில் சளியும் இழுப்பும் இருந்ததா, மாமனாருக்கு வயசான காலத்தில் மூச்சு எப்படி இருந்தது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் என் மைத்துனர் விடவே இல்லை. கடைசி மூன்று வருஷம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்தது. ஒரு வாக்கியம் பேச இரண்டு தடவை நிறுத்துவார்.

சாம்பிராணிக்கு வருகிறேன். இழுப்பு வருகிற குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், கொசுவர்த்திச் சுருளும் ஊதுபத்தியும் அந்த அறையில் வேண்டாம். மூச்சுக்குழாய்க்கு சாமி புகை, சிகரெட் புகை என்ற பேதம் தெரியாது. தலையை மெல்லிய துண்டால் ஒற்றி எடுத்து, இளவெயிலில் சிறிது நேரம் மடியில் வைத்துக்கொண்டால் முடி காய்ந்துவிடும். ஈரோட்டுச் சகோதரி, திரைச்சீலையைத் துவைத்தாயிற்றா, டிகாஷனைப் பாதியாக்கினது கண்டுபிடிக்கப்பட்டதா என்று இரண்டு மாசம் கழித்து எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.